விண்வெளியில் அணு மின்சாரம்: வெப்ப இயந்திரங்கள் பற்றி நம் மாணவர் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உயர்தரப் பௌதிகவியல் வகுப்புகளில் வெப்பம் என்ற அலகு தொடங்கினால் போதும், விண்வெளி பற்றிய கேள்விகளும் கூடவே வந்துவிடும். பரீட்சைக்கு நேரடியாக வராத விடயம் என்பதால் வகுப்பில் அவற்றுக்கு நேரம் ஒதுக்க முடிவதில்லை. ஆனால் ஸ்டீபனின் விதியும் வாயு விதிகளும் தெரிந்த எந்த மாணவருக்கும் இந்தப் பொறியியலின் உயிர்நாடி எட்டக்கூடியதுதான். மாணவர்களும் பெற்றோர் சிலரும் கேட்ட கேள்விகளை எடுத்து, இயன்றவரை முழுமையாக விடை எழுதியிருக்கிறேன். கணக்குகளைத் தாண்டிப் போகாமல், தாளும் பேனாவும் எடுத்துச் செய்து பாருங்கள்.

சூரிய ஒளி தாராளமாகக் கிடைக்கும்போது விண்வெளிக்கு அணுசக்தி எதற்கு?

பூமிக்கு அருகில் பெரும்பாலும் தேவையில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் முழுவதும் சூரியப் படலங்களில்தான் இயங்குகிறது. பூமியின் தூரத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் சுமார் 1361 வாற்று சூரிய சக்தி விழுகிறது. தூரம் கூடக்கூட இது தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். வியாழனில் சுமார் 50 வாற்று, சனியில் 15 வாற்று. 2011 இல் ஏவப்பட்ட ஜூனோ விண்கலம் வியாழனுக்குச் சூரியப் படலங்களோடுதான் போனது. ஆனால் பூமியருகே 14 கிலோவாற்று தரக்கூடிய அந்த மாபெரும் படலங்கள் வியாழனில் ஏறத்தாழ 500 வாற்றைத்தான் தருகின்றன.

சந்திரனில் பிரச்சினை வேறு. அங்கே ஓர் இரவு நம் கணக்கில் இரண்டு கிழமை நீளும். அத்தனை நாளைக்குப் பற்றரியில் மின்சாரத்தைச் சேமிப்பதென்றால் பற்றரியின் திணிவே ரொக்கெட்டை விழுங்கிவிடும். செவ்வாயில் புழுதிப் புயல் வருகிறது. சூரிய ஒளியில் 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒப்பர்சூனிற்றி ரோவர் 2018 இல் அப்படியொரு புயலில்தான் அடங்கிப்போனது.

அணுசக்தி என்றால் அணு உலையையே தூக்கிக்கொண்டு போகிறார்களா?

இரண்டு வழிகள் உள்ளன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் எழுகின்றன.

முதலாவது, கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானி ஒன்று தானாகத் தேயும்போது வெளிவிடும் வெப்பத்தைப் பயன்படுத்துவது. புளூட்டோனியம்-238 இதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற பொருள். அதன் அரை ஆயுட்காலம் 87.7 ஆண்டுகள்; ஒரு கிராம் அரை வாற்றுக்குச் சற்று மேலாக வெப்பம் தரும். அது வெளிவிடும் அல்ஃபாத் துணிக்கைகளை மெல்லிய உலோக உறையே தடுத்துவிடும். இங்கே சங்கிலித் தாக்கம் எதுவும் இல்லை. நிறுத்தவும் முடியாது, கூட்டவும் முடியாது. 1961 இல் டிரான்சிட் 4ஏ என்ற செய்மதியில் இது முதன்முதலாகப் பறந்தது. அப்போது கிடைத்த மின்சாரம் மூன்று வாற்றுக்கும் குறைவு. 1977 இல் புறப்பட்ட வொயேஜர் விண்கலங்கள் இரண்டும் தலா 470 வாற்றளவில் தொடங்கி, ஆண்டுக்கு நாலு வாற்றுப்படி இழந்துகொண்டு இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது, உண்மையான கருப்பிளவு உலை. யுரேனியம்-235, நியூத்திரன், சங்கிலித் தாக்கம் எல்லாம் இதில்தான். அமெரிக்கா இதுவரை விண்ணில் இயக்கிய ஒரே உலை ஸ்னாப்-10ஏ. 1965 ஏப்ரல் 3 ஆம் திகதி ஏவப்பட்டு, சுமார் 500 வாற்று மின்சாரம் தந்து, 43 நாட்களில் நின்றது. நின்றதற்குக் காரணம் உலையன்று, செய்மதியின் மின்னமைப்பில் ஏற்பட்ட கோளாறு. சோவியத் ஒன்றியம் முப்பதுக்கும் மேற்பட்ட உலைகளைக் கடற்படை உளவுச் செய்மதிகளில் அனுப்பியது. அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோவாற்று வெப்பத்திலிருந்து மூன்று கிலோவாற்று மின்சாரம் எடுத்தன.

100 கிலோவாற்றில் மூன்றுதானா? மீதி எங்கே போனது?

இதைக் கேட்ட பிள்ளை பொறியியலாளராக வருவார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அந்த உலைகளில் சுழலும் பொறி எதுவும் இல்லை. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருக்கும் குறைகடத்தித் துண்டுகள்தான் மின்சாரம் பிறப்பித்தன. உங்கள் ஆய்வுகூடத்து வெப்பவிணையின் அதே தத்துவம். அசையும் பாகம் இல்லை, தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை வினைத்திறன். செவ்வாயில் 2012 இல் இறங்கிய கியூரியோசிற்றி ரோவரின் மின்பிறப்பாக்கி 2000 வாற்று வெப்பத்திலிருந்து 110 வாற்று மின்சாரம் தரத் தொடங்கியது. அதாவது ஐந்தரை வீதம். மீதி 94 வீதமும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு ரோவரின் உடலைச் சூடாக வைத்திருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி.

இந்தக் குறைகடத்தித் துண்டும் ஒரு வெப்ப இயந்திரம்தான் என்பதை மறக்க வேண்டாம். நீராவிக்குப் பதிலாக இலத்திரன்கள் வேலை செய்கின்றன, அவ்வளவே. சூடான முனையின் வெப்பநிலை, குளிர்ந்த முனையின் வெப்பநிலை ஆகிய இரண்டும் சேர்ந்து விதிக்கும் கார்னோ எல்லையை அதனாலும் தாண்ட முடியாது.

கார்னோ எல்லை என்றால் என்ன?

எந்த வெப்ப இயந்திரத்தின் வினைத்திறனும் 1 − (குளிர் வெப்பநிலை ÷ சூட்டு வெப்பநிலை) என்ற பெறுமானத்தை மீற முடியாது. வெப்பநிலைகள் கெல்வினில் இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ 1824 இல் இட்ட அடித்தளம் இது. நடைமுறையில் நல்ல இயந்திரங்கள் இந்த எல்லையின் பாதியையோ அதற்குச் சற்று மேலோதான் தொடுகின்றன.

அப்படியானால் பூமியில் உள்ள மின் நிலையத்தைச் சிறிதாக்கி அனுப்பினால் என்ன?

இந்தப் பக்கம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று சொன்னாலும் தகும். ஆறுதலாக வாசியுங்கள்.

அம்பாறை மாவட்டத்தில் ஹிங்குராணை சீனித் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்புச் சக்கையை எரித்துக் கொதிநீராவி ஆக்கி அதனால் டர்பைன் ஓட்டுவது சீனி ஆலைகளின் பழைய வழக்கம். அப்படியான எந்த நிலையத்திலும் வேலை முடிந்த நீராவியின் வெப்பத்தைத் தண்ணீரும் காற்றும் வாங்கிக்கொண்டு போய்விடும். மட்டக்களப்பு வாவியோரம் ஒரு மின் நிலையம் கட்டினால் 30 பாகை செல்சியஸ் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். குளிர்ப் பக்கத்தைப் பற்றிப் பொறியியலாளர் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருடைய கவனமெல்லாம் எரிபொருள் செலவில் இருக்கும். வினைத்திறனை எப்படிக் கூட்டலாம் என்றே யோசிப்பார்.

விண்வெளியில் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. கடத்தலும் மேற்காவுகையும் விண்கலத்தின் உள்ளேயே முடிந்துவிடுகின்றன. வெப்பத்தை வெளியே தள்ள ஒரே வழி கதிர்ப்பு. அதற்கென்று ஒரு தகட்டை விரித்து வைக்க வேண்டும். வாகனத்தில் இருப்பது போலவே இதற்கும் பெயர் ரேடியேட்டர்தான். ஒரு சதுர மீற்றர் ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பதை ஸ்டீபனின் விதி சொல்கிறது: வெப்பநிலையின் நாலாம் அடுக்குக்கு விகிதசமம். வெப்பநிலையை இரு மடங்காக்கினால் பதினாறு மடங்கு வெப்பம் போகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சூட்டு முனை 1100 கெல்வின். நமக்கு வேண்டியது 10 கிலோவாற்று மின்சாரம். இயந்திரம் கார்னோ எல்லையிலேயே ஓடுகிறது என்றும், ரேடியேட்டரின் காலல்திறன் (முழுக் கரும்பொருளோடு ஒப்பிட அது கதிர்க்கும் பங்கு) 0.85 என்றும், சூரியனிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பம் வரவில்லை என்றும் எடுத்துக்கொள்வோம்.

குளிர் முனையை 300 கெல்வினில், அதாவது நம் ஊர் வெப்பநிலையில், வைத்தால் வினைத்திறன் 73 வீதம். வெளியே தள்ள வேண்டிய வெப்பம் 3.75 கிலோவாற்றுத்தான். ஆனால் அந்த வெப்பநிலையில் ஒரு சதுர மீற்றர் 390 வாற்றைத்தான் கதிர்க்கும். ஆகவே 9.6 சதுர மீற்றர் தேவை.

400 கெல்வினில் வைத்தால் வினைத்திறன் 64 வீதமாகக் குறைகிறது, பரப்போ 4.6 சதுர மீற்றராகிறது.

825 கெல்வினில் வைத்துப் பாருங்கள். வினைத்திறன் 25 வீதத்துக்கு இறங்கிவிட்டது. வெளியே தள்ள வேண்டிய வெப்பம் 30 கிலோவாற்று, 300 கெல்வினில் இருந்ததைப்போல் எட்டு மடங்கு. ஆனாலும் 1.34 சதுர மீற்றர் ரேடியேட்டரே போதும்! அதற்கும் மேலே 1000 கெல்வினுக்குப் போனால் வினைத்திறன் 9 வீதமாகி, பரப்பு மீண்டும் 2 சதுர மீற்றருக்கு ஏறிவிடும்.

மிகக் குறைந்த பரப்பு 825 இல் வந்தது தற்செயல் அல்ல. பரப்பு, குளிர் வெப்பநிலையின் மும்மடி பெருக்கல் வெப்பநிலை வித்தியாசம் என்பதற்கு நேர்மாறு விகிதசமம். அந்தக் கோவையை வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால், குளிர் வெப்பநிலை சூட்டு வெப்பநிலையின் முக்கால் பங்காக வரும். இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை. எத்தனை உலோகம், எத்தனை கோடி செலவு என்று நீளும் ஒரு பெரும் பொறியியலின் மையத்தில் உங்கள் வகையீட்டுப் பயிற்சிக் கணக்கு ஒன்று இருக்கிறது என்பதைக் காட்டத்தான் இத்தனை ஆர்வமாக எழுதுகிறேன்.

விண்வெளிக்கு இயந்திரம் வடிவமைப்பவர் குளிர்ப் பக்கத்திலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுப்பை விட, வெப்பத்தைக் கழிக்கும் தகடே பெரிய தலையிடி.

அப்படியென்றால் வினைத்திறன் முக்கியமே இல்லையா?

முக்கியம்தான், எதில் தட்டுப்பாடு என்பதைப் பொறுத்தது. புளூட்டோனியம்-238 அணு உலைகளில் கிராம் கிராமாகச் செய்யப்பட வேண்டிய அரும்பொருள். கியூரியோசிற்றியில் இருப்பதே ஐந்து கிலோவுக்குக் குறைவான புளூட்டோனியம் ஒட்சைட்டு. அங்கே வினைத்திறனுக்குத்தான் முதலிடம். பெரிய கருப்பிளவு உலையில் நிலைமை மாறுகிறது. யுரேனியம் தாராளமாக வெப்பம் தரும்; ரேடியேட்டரின் திணிவு ஆட்டிப்படைக்கத் தொடங்கும்.

ஆனாலும் அந்த முக்கால் விதியை அப்படியே பின்பற்றுவது அரிது. உலையின் திணிவு, கதிர்வீச்சுக் கவசத்தின் திணிவு, ரேடியேட்டரின் திணிவு எல்லாவற்றையும் கூட்டித்தான் மிகக் குறைந்த மொத்தத்தைத் தேடுகிறார்கள். இன்னொரு தடையும் இருக்கிறது: மின்பிறப்பாக்கியின் நிலைக்காந்தங்கள் அதிகம் சூடானால் காந்தத்தன்மையை இழக்கும். சுருளின் காவலிப் பூச்சும் கருகும். இதனால் குளிர் முனையை விரும்பிய உயரத்துக்குக் கொண்டுபோக முடிவதில்லை.

ஸ்டேர்லிங் இயந்திரம் பற்றி அடிக்கடி சொல்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

ஸ்கொட்லாந்து மதகுருவான ரொபேர்ட் ஸ்டேர்லிங் 1816 இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் இது. உள்ளே அடைக்கப்பட்ட வாயு வெளியே போவதேயில்லை. அதைச் சூட்டு முனைக்கும் குளிர் முனைக்கும் மாறி மாறித் தள்ளினால் விரிந்தும் சுருங்கியும் பிஸ்டனை அசைக்கும்.

இதைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டலாம். ஒரு சோதனைக் குழாய்க்குள் நாலைந்து கண்ணாடி மாபிள்களைப் போட்டு, துளையிட்ட அடைப்பானால் மூடி, மெல்லிய குழாய் வழியாகக் கண்ணாடி ஊசிக்குழல் ஒன்றோடு இணைக்க வேண்டும். சோதனைக் குழாய் நடுவில் ஓர் அச்சில் ஊஞ்சலாட வேண்டும். ஊசிக்குழல் திறந்த (அடைப்பான் உள்ள) முனைக்குக் கீழே நிற்க வேண்டும். மூடிய முனைக்குக் கீழே மதுசார விளக்கை வையுங்கள். வளி விரிந்து ஊசிக்குழலின் தண்டு திறந்த முனையை உயர்த்தும். மாபிள்கள் சூடான முனைக்கு உருண்டோடும். அங்கிருந்த வளி குளிர்ந்த முனைக்கு விரட்டப்படும். அது சுருங்க, குழாய் மறுபக்கம் சாயும். மாபிள்கள் திரும்பி உருளும். டக், டக் என்று அது தன்பாட்டில் ஆடத் தொடங்கும்போது வகுப்பில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள்.

சித்திரை மாத வெக்கையில் இதைச் செய்தால் சில நிமிடங்களில் ஆட்டம் தளர்ந்து நின்றுவிடும். உடனே பிள்ளைகள் சுடரைப் பெரிதாக்குவார்கள். அது அவ்வளவாக உதவாது. திறந்த முனையில் ஒரு ஈரத்துணியைச் சுற்றுங்கள், மறுபடி ஆடும். குளிர் முனையும் சூடேறிவிட்டதுதான் நோய். மேலே கணக்கில் பார்த்ததைக் கையால் தொட்டு அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

விண்வெளிக்கான வடிவத்தில் மாபிள்களும் இல்லை, சுழலும் தண்டும் இல்லை. இறுக மூடிய உருளைக்குள் அமுக்கம் ஏற்றப்பட்ட ஈலியம். அதில் மிதந்தபடி முன்னும் பின்னும் அதிரும் பிஸ்டன். பிஸ்டனோடு ஒரு காந்தம் பொருத்தப்பட்டிருக்கும். அது சுருளுக்குள் போய்வரும்போது ஆடலோட்ட மின்சாரம் பிறக்கும். பிஸ்டன் சுவரைத் தொடாதபடி மெல்லிய வாயுப் படலமோ தட்டையான உலோக வில்லோ தாங்கிக்கொள்ளும். தொடாவிட்டால் தேயாது, எண்ணெயும் தேவையில்லை. இரண்டு இயந்திரங்களை எதிரெதிரே பொருத்தினால் ஒன்றின் அதிர்வை மற்றது சமன்செய்யும். இல்லாவிட்டால் விண்கலத்தின் கமராப் படங்கள் கலங்கிவிடும்.

அசையும் பாகம் என்றால் பழுதாகாதா? அங்கே போய்த் திருத்த ஆள் இல்லையே.

விண்வெளித் திட்டக்காரர்கள் பல தசாப்தங்களாகத் தயங்கியதற்கு இதுவே காரணம். நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில் ஒரு ஸ்டேர்லிங் மாற்றி (இயந்திரமும் மின்பிறப்பாக்கியும் சேர்ந்த கருவி) எந்தப் பராமரிப்பும் இல்லாமல் 14 ஆண்டு ஓட்டத்தை 2020 இல் கடந்தது. அத்தனை காலம் திறந்து பார்க்காமல் ஓடும் ஒரு தண்ணீர்ப் பம்பி நம்மில் எவர் வீட்டிலாவது உண்டா என்று எண்ணிப் பாருங்கள்.

இருந்தும் ஏஎஸ்ஆர்ஜி என்ற புளூட்டோனிய ஸ்டேர்லிங் மின்பிறப்பாக்கியின் பறப்புத் திட்டத்தை நாசா 2013 நவம்பரில் நிறுத்தியது. செலவுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. 500 வாற்று வெப்பத்திலிருந்து 130 வாற்று மின்சாரம் எடுக்க வடிவமைக்கப்பட்ட கருவி அது. கியூரியோசிற்றியின் கருவிக்கு வேண்டிய புளூட்டோனியத்தில் காற்பங்கு இருந்தால், அதைவிடக் கூடுதலான மின்சாரம் கிடைத்திருக்கும்.

அதன் பிறகு எல்லாம் நின்றுவிட்டதா?

இல்லை. 2017 நவம்பர் முதல் 2018 மார்ச் வரை அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் கிறஸ்டி என்ற சிறிய உலை பரிசோதிக்கப்பட்டது. யுரேனியமும் மொலிப்டினமும் கலந்த ஓர் உலோக உருளைதான் அதன் கரு. விட்டம் 11 சென்ரிமீற்றர், நீளம் 25 சென்ரிமீற்றர். சுற்றிலும் நியூத்திரன்களைத் திருப்பியனுப்பும் பெரிலியம் ஒட்சைட்டு. கருவைப் பிடித்தபடி எட்டு வெப்பக் குழாய்கள். குழாய்க்குள் இருக்கும் சோடியம் சூட்டு முனையில் ஆவியாகி, இயந்திரத்தின் பக்கம் போய் ஒடுங்கி, உள்வலையின் மயிர்த்துளைத்தன்மையால் தானாகத் திரும்பி வரும். பம்பி கிடையாது.

2018 மார்ச் 20 ஆம் திகதி தொடங்கிய இறுதிச் சோதனை 28 மணி நேரம் நீடித்தது. கரு 800 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியது. பிறகு வேண்டுமென்றே குளிரூட்டலைக் குறைத்துப் பார்த்தார்கள். உலையின் கட்டுப்பாட்டை எவரும் தொடவில்லை. வெப்பம் போக வழியில்லாமல் கரு சூடேற, உலோகம் விரிந்தது, விரிந்ததால் கூடுதலான நியூத்திரன்கள் வெளியே தப்பின, பிளவுகள் குறைந்தன, வெப்பநிலை பழைய இடத்துக்குத் திரும்பியது. திடப்பொருளின் விரிகைதான் அந்த உலையின் சாரதி.

டர்பைன் வைத்த வகை இல்லையா?

உண்டு; மின்வலு பத்துக் கிலோவாற்றுகளைத் தாண்டினால் அதுவே பொருத்தம். பிரேற்றன் வட்டம் என்பார்கள். வாயுவை நெருக்கி, உலையில் சூடாக்கி, டர்பைனில் விரியவிட்டு, ரேடியேட்டரில் குளிர்வித்து மீண்டும் நெருக்கிக்கு (கொம்பிரசருக்கு) கொண்டுவருவது. விமான ஜெட் இயந்திரத்தின் அதே ஒழுங்கு. ஆனால் வாயு மூடிய சுற்றிலேயே சுற்றும். வேலை செய்யும் வாயுவாக ஈலியமும் செனனும் கலந்த கலவையைத் தெரிவு செய்கிறார்கள். ஈலியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் மிக இலேசானது என்பதால் நெருக்கிக்குப் பல அடுக்குகள் தேவைப்படும். பாரமான செனனைச் சேர்த்தால் ஒரே அடுக்கு போதும். இரண்டும் சடத்துவ வாயுக்கள், உலோகத்தை அரிக்காது.

இதன் பலவீனம், வெப்பத்தை ஒரே வெப்பநிலையில் விடாமல் படிப்படியாகக் குளிர்ந்தபடி விடுவது. ரேடியேட்டரின் கடைசிப் பகுதி மிகக் குளிர்ந்திருக்கும். நாலாம் அடுக்கு விதி அங்கே நம்மைத் தண்டிக்கும். அதனால் பரப்பு பெரிதாகிவிடும்.

நீராவி இயந்திரம்?

தண்ணீர் சரிவராது. உயர்ந்த வெப்பநிலையில் அதன் அமுக்கம் தாங்க முடியாத அளவுக்குப் போய்விடும். ஆகவே 1960களில் ஸ்னாப்-2, ஸ்னாப்-8 திட்டங்களில் இரசத்தைக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். பொற்றாசிய ஆவியில் டர்பைன் ஓட்டியும் சோதித்தார்கள். ஆவி ஒடுங்கும்போது ஒரே உயர்ந்த வெப்பநிலையில் வெப்பம் வெளியேறுவதால் ரேடியேட்டர் மிகச் சிறிதாகும். தத்துவப்படி இதுவே அழகான விடை. ஆனால் நிறை உணரப்படாத இடத்தில் குமிழி மேலே எழாது, திரவம் கீழே தங்காது. கொதிகலனில் ஆவியையும் திரவத்தையும் பிரிப்பதே பெரிய பாடு. உருகிய உலோகத்தின் அரிப்பு வேறு. இதுவரை ஒன்றும் பறக்கவில்லை.

சூட்டு முனையை இன்னும் கூட்டினால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

தீர்ந்துவிடும், உலோகம் ஒத்துழைத்தால். நிக்கல் கலப்புலோகங்கள் ஏறத்தாழ 1100, 1150 கெல்வின் வரை நீண்டகாலம் தாங்கும். அதற்கு மேலே சுமையின் கீழ் மெல்ல மெல்ல நீளத் தொடங்கும்; பத்து ஆண்டில் டர்பைன் இதழ் உறையில் உரசிவிடும். நையோபியம், மொலிப்டினம், தங்குதன் போன்றவை இன்னும் தாங்கும். ஆனால் ஒட்டுவதும் கடைவதும் கடினம், சூடாக இருக்கையில் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும்.

கதிர்வீச்சிலிருந்து விண்கலத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? கொங்கிறீட் சுவர் கட்ட முடியாதே.

முழுவதையும் மூடுவதில்லை. உலையை நீண்ட தண்டொன்றின் ஒரு முனையிலும் கருவிகளை மறுமுனையிலும் வைத்து, நடுவே நிழல் விழும்படி மட்டும் ஒரு கவசம் வைக்கிறார்கள். நியூத்திரனைத் தடுக்க இலிதியம் ஐதரைட்டு, காமாக் கதிருக்குத் தங்குதன் போன்ற பாரமான உலோகம். ரேடியேட்டரையும் அந்த நிழற் கூம்புக்குள் அடங்கும்படி வெட்டுவார்கள். வெளியே நீட்டினால் அது கதிர்களைச் சிதறடித்துக் கருவிகள் மீது திருப்பிவிடும். படங்களில் இக்கலங்கள் முக்கோணச் செட்டைகளோடு தெரிவது இதனால்தான். நுண் விண்கற்கள் துளைத்தாலும் முழுதும் செயலிழக்காதபடி ரேடியேட்டரைத் தனித்தனி வெப்பக் குழாய்களாகப் பிரித்து அமைப்பதும் உண்டு.

இது தலையில் விழுந்தால் என்ன செய்வது?

ஒரு தாய் கேட்ட கேள்வி. மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும்: விழுந்திருக்கிறது.

1964 ஏப்ரலில் ஓர் அமெரிக்கச் செய்மதி சுற்றுப்பாதையை அடையத் தவறியது. அதிலிருந்த ஸ்னாப்-9ஏ என்ற கருவியின் புளூட்டோனியம் மேல் வளிமண்டலத்தில் எரிந்து பரவியது. அப்போது அப்படி எரிந்து ஐதாவதே பாதுகாப்பு என்று நினைத்து வடிவமைத்திருந்தார்கள். அதன் பிறகு அந்தக் கொள்கை தலைகீழாக மாறியது. இப்போது எரிபொருளை உறுதியான ஒட்சைட்டு வில்லைகளாக்கி, இரிடியம் உறையிட்டு, காபன் கூட்டில் வைக்கிறார்கள். மீள்நுழைவிலும் உடையாமல் முழுதாக விழ வேண்டும் என்பதே நோக்கம்.

1978 ஜனவரி 24 ஆம் திகதி சோவியத்தின் கொஸ்மோஸ் 954 உலையோடு கனடாவின் வட பகுதியில் சிதறி விழுந்தது. நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்த அதே ஆண்டு. பனிப் பிரதேசத்தில் மாதக்கணக்கில் துண்டு பொறுக்கினார்கள். கனடா ஆறு மில்லியன் டொலருக்கு மேல் கேட்டது. சோவியத் ஒன்றியம் 1981 இல் மூன்று மில்லியன் கனேடிய டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

உலையைப் பொறுத்தவரை ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறையும் இயக்கப்படாத யுரேனியத்தின் கதிர்த்தொழிற்பாடு மிகக் குறைவு. ஆபத்தான பிளவு விளைபொருட்கள் உலை ஓடிய பிறகே சேரும். ஆகவே ஏவும்போது அணைந்த நிலையில் கொண்டுபோய், போக வேண்டிய பாதையில் சேர்ந்த பிறகுதான் இயக்க வேண்டும். 1992 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற கோட்பாடுகள் இதையே சொல்கின்றன. அவை சட்டத்தைப் போல் கட்டுப்படுத்துபவை அல்ல என்பது எனக்குக் கவலை தருகிறது. இந்தச் சக்தியை விரும்புகிறவர்கள்தான் இவ்விதிகளை இன்னும் இறுக்கும்படி முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

சந்திரத் தரையில் 40 கிலோவாற்று உலை ஒன்றுக்கான ஆரம்ப வடிவமைப்பு ஒப்பந்தங்களை 2022 இல் நாசா வழங்கியது. 2025 ஓகஸ்டில் இலக்கு 100 கிலோவாற்றாக உயர்த்தப்பட்டது. பிரேற்றன் வட்டமே வேண்டும் என்றும், 2030 அளவில் ஏவத் தயாராக வேண்டும் என்றும் பணிக்கப்பட்டது. அந்தத் திகதி எட்டப்படும் என்று நான் நம்பவில்லை. ரேடியேட்டருக்கே அங்கே சோதனை காத்திருக்கிறது: சந்திர நடுப்பகலில் தரை 390 கெல்வின் அளவுக்குக் கொதிக்கும். தரையைப் பார்த்து நிற்கும் 300 கெல்வின் தகடு வெப்பத்தை விடுவதற்குப் பதிலாக வாங்கத் தொடங்கிவிடும்.

கிழக்கிலிருந்து ஒரு பிள்ளை இத்துறைக்குப் போக முடியுமா?

முடியும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்து விஞ்ஞான பீடம் இருக்கிறது. இயந்திரப் பொறியியலோ பௌதிகவியலோ படித்து, வெப்ப இடமாற்றம், திரவியவியல் இரண்டிலும் ஆழமாக இறங்குங்கள். அணுப் பௌதிகத்தை விட இவ்விரண்டிலும் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு என்பது என் கணிப்பு. ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகுங்கள். சிந்திப்பது தமிழிலேயே இருக்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு கணக்கு. சூட்டு முனை 1150 கெல்வின். வேண்டிய மின்வலு 40 கிலோவாற்று. இயந்திரம் கார்னோ எல்லையின் 60 வீதத்தையே எட்டுகிறது. காலல்திறன் 0.85. மிகக் குறைந்த பரப்புள்ள ரேடியேட்டருக்குக் குளிர் முனை எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும்? முக்கால் பங்குக்குச் சற்று மேலே வந்தால் உங்கள் வகையீடு சரி. அதே கணக்கைக் குளிர் முனை 400 கெல்வினைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு மீண்டும் செய்து, இரண்டு பரப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள்.